விசிட்டிங் காட்

கரடிப்போக்குச் சந்தி. ரயர்க் கடைக்கு மேல்மாடி.
கொழும்பு முகம் திரையில் உறைந்து,
பிறகு அசைந்து கேட்கிறது:
"ஆளெடுக்கிற தொழிலில உங்களுக்கு முன்னால எத்தனையோ வழி.
அஞ்சு வருசத்தில எங்க நிப்பீங்கள்?"

முதலில் நின்றது பரந்தன் பஸ் தரிப்பில்.
கையில் நூறு நோட்டீஸ்.
தையல் ஆலைக்குப் பெண்கள் தேவை,
பதினெட்டு முதல் முப்பத்தைந்து, வாகனம் இலவசம்.
ஆளுக்கு முந்நூறு ரூபாய் எனக்கு,
அவள் மூன்று மாதம் நின்றுபிடித்தால்.
விடிய ஐந்தரைக்கு ஆலை பஸ்ஸின் கதவடியில்
தலைகளை எண்ணுவேன்.
தர்மபுரத்துச் செந்தூரி
எண்பத்தொன்பதாம் நாள் வரவில்லை.
காய்ச்சல் என்றார்கள்.
நான் முந்நூறை நினைத்தேன்,
பிறகுதான் காய்ச்சலை.

அதற்குப் பிறகு கதிரையும் மின்விசிறியும் கிடைத்தன.
விண்ணப்பங்களைச் சலித்துக் கொழும்புக்கு அனுப்பும் வேலை.
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
வேலையோ படிப்போ இல்லாத காலம், அதன் காரணம்.
இரண்டாயிரத்தெட்டு, ஒன்பது.
எங்கள் பக்கத்துத் தாள் எல்லாவற்றிலும்
ஒரே இடத்தில் ஒரே ஓட்டை,
ஒரே எலி அரித்த சாக்குகள் மாதிரி.
முன்னால் இருப்பவர் பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்ப்பார்.
"குடும்பக் காரணம் எண்டு போடுங்கோ."
என் படிவத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது.

வழிகளைக் கேட்டால் சொல்லலாம்.
என்னோடு நோட்டீஸ் கொடுத்த ஜெயதீபன்
ஒட்டுசுட்டானிலிருந்து குவைத்துக்குப் பெண்களை அனுப்பி
வெள்ளி நிறத்தில் வான் வாங்கினான்.
போனவள் ஒருத்தியின் புருசன்
மூன்று நாள் அவன் கேற்றடியில் இருந்தான், ஒன்றும் பேசாமல்.
வானை விற்றுவிட்டான் என்று கேள்வி.

சுபாங்கினி பெரிய கம்பனிகளுக்குப்
பெரிய ஆட்களைப் பிடித்துக் கொடுக்கிறாள்.
தன் பதவியைத் தமிழில் தலைவேட்டை என்று எழுதி அனுப்பிவிட்டு
போனில் நெடுநேரம் சிரித்தாள்.
நான் கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தேன்.

வவுனியாவில் நவ்பர் நேர்முகத்துக்குப் பழக்குகிறார்.
மாங்குளத்துப் பெடியள் வந்தவுடன் கைகட்டி நிற்பார்களாம்;
அந்தக் கையை அவிழ்க்கவே ஒரு கிழமை போகுமாம்.

நிவேதா, விண்ணப்பம் வாசிக்கும் மென்பொருளை மேய்க்கிறாள்.
ஒரு வருடமாக ஒரு முகமும் பார்க்கவில்லை.
சம்பளம் என்னுடையதைப்போல் மூன்று மடங்கு.

காட் அடித்த கதையை இவர்கள் யாருக்கும் சொல்லவில்லை.
ஆட்சேர்ப்பு அலுவலர், நீல எழுத்து, மொத்தம் நூறு.
முதலாவதை விசுவமடுவில் ஒரு படலையடியில் நீட்டினேன்.
அந்த மனிசி இரண்டுதரம் வாசித்தாள்.
பின்னால் எட்டிப் பார்த்த மகளை
"உள்ள போ" என்றாள், திரும்பாமலே.
பிறகு என்னிடம், மிக மரியாதையாக:
"வீட்டுக்கு எத்தினை பேர்?"

மீதித் தொண்ணூற்றொன்பதும் லாச்சியில்.
அடுத்த முறை 'வேலைவாய்ப்பு' என்று அடித்தேன்.
அச்சகத்துப் பெடியன் ஏன் மாற்றம் என்று கேட்கவில்லை.
அவனுக்கும் அந்த வயதுதான்.

கேள்வி இன்னும் திரையில் நிற்கிறது.
முகாமையாளர் என்று சொல்லத்தான்
நேற்றிரவு கண்ணாடிக்கு முன்னால் பழகினேன்.
வாய் வேறொன்றைக் கேட்டது:
"உங்கட படிவத்தில ஒரு கட்டம் இருக்கு,
காலமும் காரணமும்.
அதை எடுக்கிற அதிகாரம் எந்தப் பதவிக்கு?
அதுக்கு விண்ணப்பிக்கலாமோ?"

முகம் மறுபடி உறைந்தது.
சிக்னலோ, யோசனையோ.
கீழே யாருடைய ரயருக்கோ காற்று ஏறுகிறது.
படியில் இரண்டு பேர், கையில் பைலோடு,
ஆர் முதல் வந்ததெண்டு
மெதுவாகக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்.